பெடல் ஸ்டீல் கிட்டாரில் முழங்கால் லீவர் சேர்ப்பது எப்படி?

பழைய பெடல் ஸ்டீல் கிட்டார் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று பெடலும் ஒரே ஒரு முழங்கால் லீவரும்தான் கிடைக்கும். ஷோ-பட் நிறுவனத்தின் மாவரிக் என்ற மாணவர் மாதிரி அப்படித்தான் விற்கப்பட்டது. ஆறு மாதம் அதில் வாசித்துப் பழகியபின் ஒரு நாள் நீங்கள் கேட்கும் சுரம் அந்தக் கிட்டாரில் கிடைக்காது. குறை உங்கள் கையில் இருக்காது, அந்தச் சுரத்தைத் தரவேண்டிய லீவர் இல்லாததுதான் காரணம். நான் கற்கத் தொடங்கியதும் இப்படிப்பட்ட கிட்டாரில்தான். ஒவ்வொரு லீவராக நானே சேர்த்தேன். அந்த வேலையைச் செய்ய நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கருவியைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். கால்கள் பொருத்திய மேசைபோன்ற உடல், அதன்மேல் பத்துத் தந்திகள். இடது கையில் ஒரு கனமான எஃகு உருளை. கோட்டு வாத்தியத்தைப் போலவே இதிலும் தந்தியை அழுத்திப் பிடிப்பதில்லை, உருளையைத் தந்திகளின்மேல் வழுக்கிச் செல்கிறோம். சாதாரணக் கிட்டாரில் ஃப்ரெட் என்ற உலோகக் கட்டை இருக்கும் இடத்தில் இதில் வெறும் கோடு மட்டும் வரைந்திருக்கும். உருளை நேராக இருப்பதால் எல்லாத் தந்திகளும் ஒரே கோட்டில்தான் நிற்கும். ஆகவே ஒவ்வொரு தந்தியையும் தனித்தனியே ஏற்றவோ இறக்கவோ வேறு வழி வேண்டும். அதைத்தான் இடது பாதம் மிதிக்கும் பெடல்களும் இரண்டு முழங்கால்களும் தள்ளும் லீவர்களும் செய்கின்றன. வலது பாதம் ஒலியளவு பெடலின்மேல் இருக்கும்.

பெடல் முதலில் வந்தது, லீவர் பின்னால் வந்தது. பால் பிக்ஸ்பி 1948இல் ஸ்பீடி வெஸ்ட்டுக்காகப் பெடல் வைத்த கிட்டாரைக் கட்டினார். தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்துச் சுரத்தை வளைக்கும் ஓசையை 1954இல் வெளிவந்த ஓர் இசைத்தட்டின் மூலம் பட் ஐசக்ஸ் எல்லோருக்கும் கேட்கவைத்தார். அதன்பிறகு நாஷ்வில்லில் பட்டி எமன்ஸ், ஜிம்மி டே போன்றோர் இந்த ஏற்பாட்டை மெருகேற்றினார்கள். இன்று நாம் பயன்படுத்தும் ஈ9 சுருதி அமைப்பு, அதாவது எந்தத் தந்தி எந்தச் சுரத்தில் நிற்கவேண்டும் என்ற ஏற்பாடு, அவர்கள் வழியாக வந்ததுதான்.

முதலில் தாளில் எழுதுங்கள்

கருவியைத் திருப்புவதற்குமுன் ஒரு தாளை எடுங்கள். பத்துத் தந்திகளின் சுரங்களையும் எழுதி, எந்தப் பெடல் எந்தத் தந்தியை எங்கே கொண்டுபோகிறது என்று எதிரே குறியுங்கள். இந்த அட்டவணைக்கு வாசிப்பவர்கள் இட்ட பெயர் கோபெடன்ட். ஈ9 அமைப்பில் வாசிப்பவரிடமிருந்து தொலைவில் உள்ள தந்தி 1. அங்கிருந்து வரிசை இது: எஃப் ஷார்ப், டி ஷார்ப், ஜி ஷார்ப், ஈ, பி, ஜி ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, டி, பி.

பெடல்களுக்கும் ஏ, பி, சி என்றே பெயர். இவை சுரத்தின் பெயர்கள் அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஏ பெடல் 5, 10ஆம் தந்திகளை பி சுரத்திலிருந்து சி ஷார்ப்புக்கு ஏற்றும். பி பெடல் 3, 6ஆம் தந்திகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ சுரத்துக்கு ஏற்றும். சி பெடல் 4ஆம் தந்தியை ஈ சுரத்திலிருந்து எஃப் ஷார்ப்புக்கும், 5ஆம் தந்தியை பி சுரத்திலிருந்து சி ஷார்ப்புக்கும் ஏற்றும். இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று இருந்தால் அது எமன்ஸ் முறை. சி, பி, ஏ என்று தலைகீழாக இருந்தால் டே முறை. உங்களுடையது எது என்று இப்போதே எழுதிவையுங்கள். லீவர் எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதை இந்த வரிசைதான் முடிவு செய்யும்.

லீவர்களைக் குறிக்கும் சுருக்கப் பெயர்கள் ஐந்து. இடது முழங்காலை இடப்பக்கம் தள்ளுவது எல்கேஎல், வலப்பக்கம் தள்ளுவது எல்கேஆர், மேலே தூக்குவது எல்கேவி. வலது முழங்காலுக்கு ஆர்கேஎல், ஆர்கேஆர்.

எந்த லீவரை முதலில் சேர்ப்பது

ஈ தந்திகளை, அதாவது 4ஐயும் 8ஐயும், எஃப் சுரத்துக்கு ஏற்றும் லீவர்தான் முதலில் வேண்டும். ஏன் என்பதை ஜி மேஜர் கார்டை வைத்துப் பாருங்கள். பெடல் எதுவும் மிதிக்காமல் 3ஆம் கோட்டில் ஜி மேஜர் கிடைக்கும். ஏ, பி பெடல்களைச் சேர்த்து மிதித்தால் அதே கார்டு 10ஆம் கோட்டில் கிடைக்கும். இடையில் ஏழு கோடு தூரம். அந்த வெளியில் நிற்க இடமே இல்லாமல்தான் மூன்று பெடல் மட்டும் உள்ளவர் தாவிக்கொண்டிருப்பார். ஏ பெடலோடு இந்த எஃப் லீவரையும் சேர்த்தால் 6ஆம் கோட்டில் ஜி மேஜர் கிடைத்துவிடும். 3, 6, 10. மெட்டு எங்கே போனாலும் அருகில் ஒரு கார்டு காத்திருக்கும்.

இரண்டாவது, அதே ஈ தந்திகளை டி ஷார்ப்புக்கு இறக்கும் லீவர். 3ஆம் கோட்டில் உருளையை வைத்துக்கொண்டு இந்த லீவரைத் தள்ளி 5, 7, 8ஆம் தந்திகளை மீட்டுங்கள். டி மேஜர் ஒலிக்கும். அதே கோட்டில் பெடல் இல்லாமல் மீட்டினால் ஜி மேஜர். ஏ, பி பெடல்களை மிதித்தால் சி மேஜர். ஒரு பாட்டுக்கு வேண்டிய மூன்று முக்கியக் கார்டுகளும் உருளையை அசைக்காமலே வந்துவிடும். 5, 6, 8 என்று தந்தியை மாற்றி மீட்டினால் பி மைனர் கிடைக்கும். இது கையில் வந்த நாளில் நான் வெகுநேரம் 3ஆம் கோட்டைவிட்டு நகரவே இல்லை.

மூன்றாவது, 2ஆம் தந்தியை டி ஷார்ப்பிலிருந்து டி வழியாக சி ஷார்ப் வரைக்கும், கூடவே 9ஆம் தந்தியை டி சுரத்திலிருந்து சி ஷார்ப்புக்கும் இறக்கும் லீவர். நான்காவது, 5ஆம் தந்தியை பி சுரத்திலிருந்து பி ஃப்ளாட்டுக்கு இறக்குவது. சிலர் 10ஐயும் சேர்ப்பார்கள். ஐந்தாவதாக, 1ஆம் தந்தியை எஃப் ஷார்ப்பிலிருந்து ஜி சுரத்துக்கு ஏற்றுவது. 2ஆம் தந்தியை ஈ சுரத்துக்கோ, 7ஆம் தந்தியை ஜி சுரத்துக்கோ ஏற்றுவதை இதோடு சேர்ப்பவர்கள் உண்டு.

ஐந்தையும் ஒரே வாரத்தில் பொருத்த நினைக்காதீர்கள். ஒன்றைப் பொருத்தி, இரண்டு வாரமாவது வாசித்து, முழங்கால் பழகியபிறகு அடுத்ததைத் தொடுங்கள். கோளாறு வரும்போது எது காரணம் என்று தெரியவேண்டுமானால் இதுதான் வழி.

எந்தப் பக்கம்

இந்த வேலையில் மிகுந்த யோசனை தேவைப்படுவது இங்கேதான். நிறைய பேர் காலியாக இருக்கும் இடத்தைப் பார்த்து லீவரை வைத்துவிடுகிறார்கள். அந்த லீவர் எந்தப் பெடலோடு சேர்ந்து வேலை செய்யும் என்பதைத்தான் பார்க்கவேண்டும். பாதம் போகும் பக்கமே முழங்காலும் போகும்.

எமன்ஸ் முறையில் ஏ பெடல் இடக்கோடியில் இருக்கிறது. ஏ, பி இரண்டையும் மிதித்திருக்கும் பாதம் பி பெடலை விட்டு ஏ பெடலை மட்டும் பிடிக்கும்போது கணுக்கால் இடப்பக்கம் சாயும். முழங்காலும் கூடவே இடப்பக்கம் சாயும். ஏ பெடலோடு சேரவேண்டியது எஃப் லீவர். ஆகவே அது எல்கேஎல். காலின் இயல்பான சாய்வே பாதி வேலையைச் செய்துவிடும். டே முறையில் ஏ பெடல் வலப்பக்கம் இருப்பதால் அதே எஃப் லீவர் எல்கேஆர் ஆகிவிடும்.

ஈ தந்தியை இறக்கும் லீவரை அதே இடது முழங்காலின் மறுபக்கம் வைப்பது வழக்கம். இதில் ஒரு நயம் இருக்கிறது. ஒரே தந்தியை ஒரே நேரத்தில் ஏற்றவும் இறக்கவும் தேவையில்லை. ஒரே முழங்கால் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் போகாது. ஆகவே தவறிப்போய்க்கூட இரண்டும் சேர்ந்து இயங்கிவிடாது. சிலர் இந்த இறக்கும் லீவரை வலது முழங்காலுக்குக் கொண்டுபோகிறார்கள். பாதத்தைப் பெடல்கள்மேல் வைத்தபடி ஒரு முழங்காலை விட்டு மறு முழங்காலைத் தள்ளும்போது ஏற்றமும் இறக்கமும் இடைவெளியின்றிக் கலக்கும். இரண்டுமே நல்ல முறைகள். புதியவருக்கு முதல் முறையையே சொல்வேன், ஏனெனில் பாடப்புத்தகங்களும் பயிற்சி வீடியோக்களும் பெரும்பாலும் அதையொட்டியே இருக்கின்றன.

பி ஃப்ளாட்டுக்கு இறக்குவது எல்கேவிக்குப் போகட்டும். 2ஆம் தந்தியை இறக்குவது ஆர்கேஆர், 1ஆம் தந்தியை ஏற்றுவது ஆர்கேஎல்.

உட்கார்ந்து அளவெடுங்கள்

வாசிக்கும்போது போடும் காலணியைப் போட்டுக்கொள்ளுங்கள், வாசிக்கும்போது உட்காரும் அதே இருக்கையில் உட்காருங்கள். ஒலியளவு பெடலும் அதன் வழக்கமான இடத்தில் இருக்கட்டும். கிட்டாரின் முன்பலகையில் காகித ஒட்டுநாடாவை நீளமாக ஒட்டுங்கள். முழங்கால் ஓய்வாக இருக்கும்போது அதன் இரு ஓரங்களையும் பென்சிலால் குறியுங்கள். பிறகு ஏ, பி பெடல்களை மிதித்துக்கொண்டு ஒருமுறை, பி, சி பெடல்களை மிதித்துக்கொண்டு ஒருமுறை. முழங்கால் எவ்வளவு இடம் மாறுகிறது என்று அப்போது தெரியும்.

என் முதல் எல்கேஆர் லீவரைப் பொருத்தும்போது இந்த மூன்றாவது குறியை நான் எடுக்கவில்லை. ஏ, பி பெடல்களோடு எல்லாம் சரியாக இருந்தது. பாதத்தை பி, சி பெடல்களுக்கு நகர்த்தியவுடன் முழங்கால் வலப்பக்கம் போய் லீவரில் உரசியது. எஃப் ஷார்ப்புக்கு ஏறவேண்டிய 4ஆம் தந்தி கொஞ்சம் தாழ்ந்தே நின்றது, 8ஆம் தந்தியும் அதோடு இறங்கியது. சுருதி சேர்ப்பதில்தான் தவறு என்று நினைத்து, பெடல், லீவர் சுரங்களைச் சேர்க்க உதவும் நைலான் நட்டை மூன்று நாள் திருகிக்கொண்டிருந்தேன். பிறகு லீவரைக் கழற்றி இரண்டு விரற்கடை தள்ளிப் பொருத்தவேண்டியதாயிற்று. பழைய திருகுத் துளைகள் இன்னும் அந்தப் பலகையில் இருக்கின்றன.

முழங்கால் ஓய்வில் இருக்கும்போது இரு பக்கமும் லீவருக்கு ஒரு விரல் இடைவெளி போதும். எல்கேவிக்குத் தொடைக்கு மேலே அதே அளவு. அதைத் தூக்கும்போது பாதத்தின் முன்பகுதி பெடலை விட்டு எழக்கூடாது. குதிகாலை உயர்த்தி முழங்காலை மேலே தள்ளவேண்டும். லீவர் மிக உயரத்தில் தொங்கினால் பாதம் பெடலிலிருந்து கழன்றுவிடும்.

கருவியைத் திருப்புங்கள்

கால்களையும் பெடல் கம்பிகளையும் கழற்றி, கிட்டாரை அதன் பெட்டியிலேயே தலைகீழாக வையுங்கள். எதையும் தொடுவதற்குமுன் நல்ல வெளிச்சத்தில் நான்கு கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பார்ப்பது இதுதான். முன்பலகைக்கும் பின்பலகைக்கும் குறுக்கே பல தண்டுகள் செல்லும். அவை குறுக்குத் தண்டுகள். ஒரு பெடலுக்கு ஒரு தண்டு, ஒரு லீவருக்கு ஒரு தண்டு. தண்டின்மேல் சிறிய கைகள் திருகால் இறுக்கப்பட்டிருக்கும். அவற்றின் பெயர் பெல் கிராங்க். ஒவ்வொரு பெல் கிராங்கிலிருந்தும் ஒரு நீண்ட மெல்லிய கம்பி வலக்கோடிக்கு ஓடும். அது இழுகம்பி. வலக்கோடியில் தந்திகள் வந்து முடியும் இடத்தில் இருப்பது சேஞ்சர். தந்திக்கு ஒரு விரல்போன்ற உலோகத் துண்டு அதில் உண்டு. இழுகம்பியின் நுனியில் நைலான் நட்டு மாட்டி, பக்கத் தகட்டின் வெளியிலிருந்து அறுகோணச் சாவியால் அதைத் திருகுவோம். முழங்கால் லீவரைத் தள்ள, தண்டு சுழல, பெல் கிராங்க் கம்பியை இழுக்க, சேஞ்சரின் விரல் அசைந்து தந்தி இறுகும் அல்லது தளரும்.

நான் இங்கே சொல்வதெல்லாம் ஏற்றத்தையும் இறக்கத்தையும் இழுத்தே செய்யும் இந்த அமைப்புக்குத்தான். எமன்ஸ் நிறுவனத்தின் பழைய தள்ளி-இழுக்கும் அமைப்பு உங்களிடம் இருந்தால், அதைத் தெரிந்த ஒருவர் அருகில் இல்லாமல் தொடவேண்டாம். அதில் ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் சரிசெய்யவேண்டியிருக்கும்.

இப்போது சேஞ்சரில் துளைகளை எண்ணுங்கள். ஒவ்வொரு தந்திக்கும் ஏற்றத்துக்கான துளைகள், இறக்கத்துக்கான துளைகள் என்று தனித்தனியாக இருக்கும். எது எது என்பது தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும். ஊகிக்கவேண்டாம். ஏ பெடலின் கம்பி ஏற்றத்துக்கானது என்று உறுதியாகத் தெரியும், அதைப் பின்தொடர்ந்து போனால் ஏற்றத் துளைகள் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். 4ஆம் தந்திக்கு சி பெடல் ஓர் ஏற்றம், எஃப் லீவர் இன்னோர் ஏற்றம், எல்கேஆர் ஓர் இறக்கம். ஆகவே குறைந்தது இரண்டு ஏற்றத் துளை, ஓர் இறக்கத் துளை வேண்டும். 5ஆம் தந்திக்கும் அப்படியே. மலிவான மாணவர் மாதிரிகள் சிலவற்றில் இவ்வளவு துளைகள் இருக்காது. அப்படியிருந்தால் பணத்தை லீவரில் போடாமல், மூன்று பெடல் நான்கு லீவரோடு வரும் வேறு கருவிக்குச் சேர்ப்பது நல்லது. இதைச் சொல்ல எனக்கு வருத்தம்தான், ஆனால் துளை இல்லாத சேஞ்சரை வீட்டில் மாற்றியமைக்க முடியாது.

பாகங்கள்

ஒரு லீவருக்கு வேண்டியவை: லீவரும் அதன் தாங்கியும், குறுக்குத் தண்டு, தந்திக்கு ஒன்றாக பெல் கிராங்க், அத்தனை இழுகம்பி, நைலான் நட்டு, லீவரைத் திரும்பக் கொண்டுவரும் ஸ்பிரிங், லீவர் எங்கே நிற்கவேண்டும் என்று தீர்மானிக்கும் நிறுத்தத் திருகு. ஒரு நிறுவனத்தின் பாகம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. தண்டு உருண்டையா அறுகோணமா, அதன் குறுக்களவு என்ன, இரு பலகைகளுக்கும் இடையே நீளம் என்ன, கம்பியின் தடிமன் என்ன என்று அளந்தபிறகே வாங்குங்கள். அமெரிக்கக் கருவிகள் அங்குல அளவில் செய்யப்பட்டவை. நம் ஊர் இரும்புக்கடையில் கிடைக்கும் மில்லிமீட்டர் திருகு முதலில் இரண்டு சுற்று ஏறும், பிறகு மரையைக் கெடுத்துவிடும்.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். குறுக்குத் தண்டிலேயே நேராக லீவரை மாட்டினால் அது ஒரு திசையில் தள்ளும்போது மட்டுமே கம்பியை இழுக்கும். எதிர்த்திசையில் தள்ளினால் கம்பி தளரும். ஆகவே ஒரு திசை லீவருக்கு நேர் இணைப்பு போதும், மறு திசைக்கு இயக்கத்தைத் திருப்பிவிடும் இடை இணைப்பு ஒன்று தேவை. மேலே தூக்கும் எல்கேவிக்குத் தனித் தாங்கி உண்டு. எல்கேஎல் என்று வாங்கியதை எல்கேஆர் இடத்தில் மாட்டிவிட்டு, தள்ளியும் ஒன்றும் நடக்கவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு. எந்தப் பக்கம் தள்ளினாலும் கம்பி சேஞ்சரை விட்டு விலகும் திசையில் நகரவேண்டும். சோதிக்க அது ஒன்று போதும்.

பொருத்துதல்

ஒட்டுநாடாவில் எடுத்த குறிகளை உள்பக்கத்துக்கு மாற்றுங்கள். தண்டையும் லீவரையும் கையில் பிடித்து வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே ஓடும் கம்பிகளில் எதிலும் முட்டக்கூடாது. பெடலின் பெல் கிராங்க் முழுதாகச் சுழலும்போதும் முட்டக்கூடாது. இடம் உறுதியானபிறகு துளையிடுங்கள்.

நல்ல கருவிகளின் உடல் மேப்பிள் மரம். மிகக் கடினமானது. திருகைவிட மெல்லிய துரப்பண முனையால் முதலில் வழித்துளை போடவேண்டும். இல்லையென்றால் திருகின் தலை முறிந்து உடல் உள்ளேயே நின்றுவிடும். எவ்வளவு ஆழம் போகலாம் என்று அளந்து, துரப்பண முனையில் அந்த இடத்தில் ஒட்டுநாடாவைச் சுற்றுங்கள். நாடா மரத்தைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள். இந்தச் சின்னக் காரியத்தைச் செய்யாதவர்களின் கிட்டார்களில் மேற்பலகையில் ஒரு துளை தெரியும். திருகில் கொஞ்சம் சோப்போ மெழுகோ தேய்த்துக்கொண்டால் எளிதாக இறங்கும்.

தண்டு பொருந்தியதும் அதைக் கையால் சுழற்றுங்கள். தன் எடையிலேயே சாயுமளவு தடையின்றிச் சுழலவேண்டும். ஆனால் முன்னும் பின்னும் ஆடக்கூடாது. பிறகு பெல் கிராங்குகளை அந்தந்தத் தந்தியின் நேர்கோட்டில் நிறுத்துங்கள். கம்பி சேஞ்சருக்கு நேராகப் போகவேண்டும். வளைந்து போகும் கம்பி மற்றதில் உரசும், உரசினால் தந்தி ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும்.

நைலான் நட்டை இப்போதைக்குத் தளர்வாகவே மாட்டுங்கள். லீவர் ஓய்வில் இருக்கும்போது ஒவ்வொரு கம்பியிலும் சிறிது தொய்வு இருக்கவேண்டும், விரலால் தொட்டால் லேசாக அசையவேண்டும். தொய்வே இல்லாமல் இறுக்கிவிட்டால் சேஞ்சரின் விரல் தன் இடத்துக்கு முழுதாகத் திரும்பாது. ஏற்றக் கம்பியானால் வெறுந்தந்தி எப்போதும் கொஞ்சம் ஏறியே இருக்கும், இறக்கக் கம்பியானால் இறங்கியே இருக்கும்.

எந்தத் துளையில் மாட்டுவது

பெல் கிராங்கிலும் பல துளைகள், சேஞ்சரிலும் பல துளைகள். பெல் கிராங்கில் தண்டை விட்டுத் தள்ளியிருக்கும் துளையில் மாட்டினால் கம்பி அதிகம் நகரும், ஆனால் முழங்காலுக்குக் கனமாக இருக்கும். தண்டுக்கு அருகில் மாட்டினால் மென்மையாக இருக்கும், நகர்வு குறையும். சேஞ்சரில் விரலின் அச்சுக்கு அருகில் உள்ள துளை குறைந்த நகர்விலேயே சுரத்தை மாற்றிவிடும், ஆனால் விறைப்பாக இருக்கும். தொலைவில் உள்ள துளைக்கு நீண்ட நகர்வு வேண்டும், ஆனால் மென்மை கிடைக்கும்.

இரண்டையும் வைத்து நீங்கள் தேடவேண்டியது ஒரே நேரத்தை. எஃப் லீவர் 4ஐயும் 8ஐயும் இழுக்கிறது. 4 மெல்லிய வெறுங்கம்பி, 8 சுற்றுக்கம்பி. அரைச் சுரம் ஏற இரண்டுக்கும் வேண்டிய நகர்வு வேறு. ஒரே அளவுத் துளையில் மாட்டினால் ஒன்று முன்னே போய்க் காத்திருக்கும், மற்றது பின்னால் வரும், நடுவில் கார்டு கசக்கும். ஒரு தந்திக்கு பெல் கிராங்கில் ஒரு துளை மாற்றி மாட்டிப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து கிளம்பிச் சேர்ந்து போய் நிற்கும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். நான் இதற்கு மட்டும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட்டேன். அந்த நாளுக்காக ஒருபோதும் வருந்தியதில்லை.

சுருதி சேர்த்தல்

கால்களை மாட்டிக் கிட்டாரை நிமிர்த்துங்கள். தலைகீழாக இருக்கும் கருவியில் சுருதி சேர்ப்பது வீண்வேலை. முதலில் வெறுந்தந்திகளைச் சேருங்கள். பிறகு நிறுத்தத் திருகைச் சரிசெய்து, லீவர் உங்களுக்கு வசதியான தூரம் போய் நிற்கும்படி செய்யுங்கள். அதன்பிறகு லீவரை முழுதாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நைலான் நட்டைத் திருகுங்கள். வலஞ்சுழியாகத் திருகினால் ஏற்றம் இன்னும் ஏறும், இறக்கம் இன்னும் இறங்கும். விட்டுவிட்டு வெறுந்தந்தியைப் பாருங்கள். மாறியிருந்தால் மீண்டும் வெறுந்தந்தியிலிருந்து தொடங்குங்கள்.

எஃப் சுரத்தைச் சுருதி பார்க்கும் டியூனர் காட்டும் நடுக்கோட்டுக்குச் சேர்க்காதீர்கள். அது ஏ பெடலோடு சேரும்போது சி ஷார்ப் மேஜர் கார்டின் மூன்றாம் சுரமாகிறது. அந்த இடத்தில் கொஞ்சம் தாழ்ந்து நின்றால்தான் கார்டு இனிக்கும். ஏ பெடலையும் லீவரையும் சேர்த்துப் பிடித்து 4, 5, 6ஆம் தந்திகளை மீட்டி, அலையடிப்பது நிற்கும்வரை காதால் சேருங்கள். இதில் காதை நம்புங்கள்.

ஒரே தந்திக்கு ஏற்றமும் இறக்கமும் இருந்தால், இறக்கத்துக்கான சேஞ்சர் ஸ்பிரிங்கைக் கவனிக்கவேண்டும். சி பெடலை மிதித்து 4ஆம் தந்தியை எஃப் ஷார்ப்புக்கு ஏற்றும்போது, சேஞ்சரில் இறக்கக் கம்பி இழுக்கும் துண்டான இறக்க விரல் கொஞ்சமும் அசையக்கூடாது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அது அசைந்து, எவ்வளவு திருகினாலும் சுரம் எட்டாது. மிக இறுக்கமாக இருந்தால் இறக்கும் லீவர் கல்லாகக் கனக்கும். விரல் அசைவது நிற்குமளவு மட்டும் இறுக்குங்கள்.

இரண்டு நுட்பங்கள்

ஆர்கேஆர் லீவர் 2ஆம் தந்தியை டி ஷார்ப்பிலிருந்து சி ஷார்ப் வரை இறக்கும். நடுவில் டி சுரத்திலும் நிற்கத் தெரியவேண்டும். முழங்காலுக்குக் கண் கிடையாது, தடைதான் அதற்குக் கண். 9ஆம் தந்தியின் கம்பியில் தொய்வைக் கொஞ்சம் அதிகமாக விடுங்கள். 2ஆம் தந்தி டி சுரத்தைத் தொடும் அதே கணத்தில் 9ஆம் தந்தி இழுபடத் தொடங்கும்படி துளைகளைத் தேர்ந்தெடுங்கள். அந்த இடத்தில் லீவர் திடீரென்று கனமாகும். முழங்கால் அதை உணர்ந்து நிற்கும். இன்னும் அழுத்தினால் இரண்டும் சேர்ந்து சி ஷார்ப்புக்குப் போகும்.

மற்றது ஏ பெடலும் எல்கேவியும் சேரும்போது நடப்பது. ஒன்று 5ஆம் தந்தியை ஏற்றுகிறது, ஒன்று இறக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் நடுவே சி சுரம் வரவேண்டும். வந்தால் ஏ, பி பெடல்களோடு ஏ மேஜராக இருந்த கார்டு லீவரைத் தூக்கியதும் ஏ மைனராகிவிடும். தானாக இது சரியாக வருவது அரிது. பக்கத் தகட்டில் இறக்க விரலை நிறுத்தும் சிறு திருகு உள்ள கருவிகளில், முதலில் பெடலையும் லீவரையும் சேர்த்துப் பிடித்து நைலான் நட்டால் சி சுரத்தைச் சேருங்கள். பிறகு லீவரை மட்டும் பிடித்து அந்தத் திருகால் பி ஃப்ளாட்டைச் சேருங்கள். இந்த வரிசை மாறக்கூடாது.

பொருத்தியபின்

சேஞ்சர் விரல்களுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி போதும். அதிகம் விட்டால் தூசி சேர்ந்து விரல்கள் ஒட்டிக்கொள்ளும். முதல் வாரம் தினமும் எல்லாத் திருகுகளையும் ஒருமுறை பாருங்கள். மரம் புதிய திருகுக்குப் பழகும்வரை அவை சற்றுத் தளரும். ஏ, பி பெடல்களை மிதித்தால் மற்றத் தந்திகள் லேசாகத் தாழும். உடல் மரம் இழுவிசையில் வளைவதால் வருவது அது. புதிய லீவரின் கோளாறு என்று எண்ணி நட்டைத் திருகவேண்டாம்.

பெட்டியில் வைக்கும்போது லீவர்களை மடக்கவேண்டும். புதிதாகப் பொருத்தியது முழுதாக மடங்குகிறதா, மூடி அதன்மேல் அழுத்தாமல் மூடுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். முதல் நாள் எழுதிய கோபெடன்ட் தாளில் புதிய லீவரையும், எந்தத் துளையில் எந்தக் கம்பி என்பதையும் சேர்த்து எழுதி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். ஒரு கம்பி கழன்று விழும்போது அந்தத் தாள் கையில் இருக்கும்.